கடைக்காரர் கணக்கும் சர்க்கார் கணக்கும்

மும்பைத் தமிழர் வரலாற்றை எழுத வருகிறவர்கள் வழக்கமாக ரயில்வேயில் தொடங்குவார்கள். துறைமுகம், தோல் கிடங்கு, சங்கம், பள்ளிக்கூடம், தேர்தல் என்று போய் முடிப்பார்கள். நம் தெருவில் கடை என்று ஒன்று இருந்ததை எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்து ரயில் இறங்கியவர் சட்டைப் பையில் இருந்த துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தது என்ன? பெரும்பாலும் ஒரு கடையின் பெயர். "தாராவி, தொண்ணூறடி ரோடு, இன்ன கடையில் கேட்டால் சொல்வார்கள்" என்பதுதான் நம்மில் பல குடும்பங்களுக்கு இந்த மாநகரின் முதல் விலாசம்.

அந்தக் கடைகளைப் பற்றி இப்போது பேசுவதற்குக் காரணம் பழைய நினைவின் சுகம் மட்டுமன்று. 2024 மார்ச்சில் தாராவியில் வீடு வீடாக, கடை கடையாக அளவெடுத்து எண் போடத் தொடங்கினார்கள். எந்தக் கடை தகுதி உள்ளது, எது தகுதியற்றது என்று ஒரு பட்டியல் பிரிகிறது. அந்தப் பட்டியல் சதுர அடியைக் கேட்கிறது, தேதியைக் கேட்கிறது, காகிதத்தைக் கேட்கிறது. கடை என்ன வேலை செய்தது என்று கேட்க அதில் இடமில்லை. சர்க்கார் கேட்காததை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

கடைகள் வந்த வழி

தாராவி ஒரு காலத்தில் பம்பாயின் ஓரம். மாஹிம் கழியின் சேற்று நிலம். நகரம் தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்களையும் மனிதர்களையும் இங்கே தள்ளிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் தொழில் இங்கே வேரூன்றியது. அதோடு திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்து கும்பார்வாடாவில் சூளை வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்துக்காரர், மராட்டிய கிராமத்துக்காரர், கர்நாடகத்தார் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து குடிசை போட்டார்கள். சேற்றை மேடாக்கியது முனிசிபாலிட்டி அன்று. குப்பையையும் மண்ணையும் கூடை கூடையாகக் கொட்டி நிரப்பியவர்கள் இங்கே குடியேறிய மக்கள்.

கடையும் அப்படித்தான் பிறந்தது. முதலோடு வந்து கடை போட்டவர்கள் சிலர்தாம். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் புண்ணாகி, இனித் தோல் வேலைக்குப் போக முடியாது என்றானவர் வீட்டு வாசலில் ஒரு பெட்டியை வைத்து பீடி, வெற்றிலை, சோப்பு விற்றார். கணவன் கூலி போதாமல் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்தவர் முதலில் பக்கத்துக் கோலிகளுக்கு விற்றார்; பிறகு மகன் அண்டாவைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு நகரமெங்கும் போனான். 1971இல் மாட்டிறைச்சிக் கூடம் பாந்திராவிலிருந்து தேவனாருக்குப் போனது. தோல் கிடங்குகளும் காலப்போக்கில் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. வேலை இழந்தவர்களில் பலரைத் தெருதான் தாங்கியது. இஸ்திரிக் கடை, மாவரைக்கும் கடை, சலூன், தையல் கடை, வாடகைச் சைக்கிள் கடை, தமிழ்ப் பத்திரிகை தொங்கும் பெட்டிக்கடை என்று ஒரு தெருவே எழுந்தது.

"கடைக்காரர் என்றால் சிறு முதலாளிதானே, தொழிலாளர் குடும்பங்களின் பத்திரிகை அவருக்காக ஏன் வாதாட வேண்டும்?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நம் பதில் இதுதான். இந்தத் தெருவின் கடைக்காரரில் பெரும்பாலோர் நேற்றைய தொழிலாளி. அவருக்குக் கூலி கொடுக்க ஒருவரும் இல்லாததால் தன் கூலியைத் தானே தேடிக்கொண்டவர். கல்லாவில் அவர், உள்ளே மனைவி, பள்ளிவிட்டு வந்ததும் பொட்டலம் மடிக்கப் பிள்ளைகள். அந்தக் குடும்பத்தின் உழைப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் லாபம் எவ்வளவு?

பற்று நோட்டு

கடை நமக்குச் சாமான் கொடுத்தது. அதற்கு மேலும் கொடுத்தது. புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் இந்தப் பெருநகரில் கிடைக்காத காலத்தில் ஊரிலிருந்து வரவழைத்து வைத்தது. பொங்கலுக்குக் கரும்பும் பனங்கிழங்கும் மஞ்சள் கொத்தும் கடை வாசலில் வந்து சாய்ந்த பிறகுதான் நமக்குத் தை பிறந்தது.

தபால்காரர் சந்துக்குள் வரமாட்டார். கடிதம் கடைக்கு வரும். மணியார்டர் நமூனாவை நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தது கடைக்காரரின் மூத்த பிள்ளை. தந்தி வந்தால் படித்துச் சொன்னதும் அதே பிள்ளை. பிற்பாடு மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. தொலைபேசி வந்தபோது அதுவும் கடையிலேயே அமர்ந்தது. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் மேஸ்திரி கடையில் சொல்லி வைப்பார். கோலி காலியாக இருந்தால் கடையில் தெரியும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் விசாரிப்பதும் கடையில்தான். வேலைவாய்ப்பு அலுவலகம், தபால் நிலையம், வங்கி மூன்றும் சேர்ந்த ஒன்றைப் பத்துக்குப் பத்து அறையில் அண்ணாச்சி நடத்தினார்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை பற்று நோட்டு. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. சம்பளம் வரும் ஏழாம் தேதியோ பத்தாம் தேதியோ கணக்குத் தீர்க்கப்படும். தீராத பாக்கி அடுத்த பக்கத்தின் தலையில் ஏறும். 1982 ஜனவரி 18இல் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்த நீண்ட மாதங்களில் ஆலைப் பகுதியின் அடுப்புகள் எரிந்ததில் மூலைக் கடைக்காரரின் நோட்டுக்கும் பங்கு உண்டு. போராட்ட நிதி கொடுத்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இராது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டபோதும், 2020 மார்ச் 25இல் நாடே பூட்டப்பட்டுக் கூலி நின்றபோதும், வங்கி வாசலில் அல்லது ரேஷன் வரிசையில் நிற்பதற்கு முன் நாம் போய் நின்ற இடம் கடை வாசல். அந்தப் பாக்கியிலேயே மூழ்கிய கடைகளும் உண்டு. ஊருக்குப் போனவர்களில் திரும்பாதவர்களின் பக்கங்கள் இன்னும் அந்த நோட்டுகளில் அடிக்கப்படாமல் இருக்கின்றன.

எல்லாம் பொன்னன்று

பழையதைப் புகழ்வதற்காக உண்மையை மறைக்கக் கூடாது. பற்றுக்கு வாங்குகிறவருக்கு விலை சற்றுக் கூடுதலாகத்தான் விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் நோட்டில் என்ன ஏறியதென்று அறிய வழியில்லை. ஊரிலிருந்து பத்து வயதுப் பையனைக் கூட்டி வந்து, விடியலிலிருந்து நள்ளிரவு வரை நிற்கவைத்து, கடைக்குள்ளேயே படுக்கவைத்து, "தொழில் கற்றுக்கொடுக்கிறோம்" என்று சொன்ன கடைகள் இருந்தன. ஊரின் சாதியை ரயிலேற்றிக் கொண்டுவந்து, யார் உள்ளே உட்காரலாம், யார் வெளியே நின்று குடிக்கலாம் என்று பார்த்தவர்களும் இருந்தார்கள். பெண்கள் உழைப்பு கணக்கிலேயே வரவில்லை. மாவரைத்தவர், வற்றல் போட்டவர், பகல் முழுவதும் கல்லாவில் இருந்தவர் அவர். லைசென்ஸில் பெயர் மட்டும் கணவருடையது.

இந்தக் குறைகளைச் சொல்வது கடையை ஒழிக்க அன்று. கடையைக் காப்பாற்றுவோம் என்று சொல்லும்போது எந்தக் கடையைக் காப்பாற்றுகிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும். சிறுவன் பள்ளிக்குப் போகிற, பெண்ணின் பெயர் பத்திரத்தில் ஏறுகிற, யாரும் உள்ளே வந்து உட்காரக்கூடிய கடையைத்தான் நாம் கேட்கிறோம்.

தெரு மாறியது எப்படி?

கடைக்குப் பலகை உண்டு. ஆகவே கோபம் வரும்போது முதலில் கல் விழுவது அதன்மேல்தான். 1966இல் சிவசேனை தோன்றிய பின் தென்னாட்டாருக்கு எதிராகக் கிளம்பிய கூச்சலில் உணவு விடுதிகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் இந்து கடையென்றும் முஸ்லிம் கடையென்றும் பிரித்துத் தீ வைத்தார்கள். எரிந்தவை பக்கத்துப் பக்கத்துக் கடைகள். மராட்டியில் பலகை வைக்க வேண்டுமென்று 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை நிறைவேற்றச் சொன்னது. இதில் நமக்குச் சண்டையில்லை. இந்த மண்ணின் மொழி பெரிய எழுத்தில் முதலில் இருப்பது முறை. அதன் கீழே தமிழும் இருக்கச் சட்டம் தடை சொல்லவில்லை. மராட்டிப் பலகை எழுதும் செலவுக்குப் பயந்து தமிழை அழித்துவிடுகிறவர்களிடம் மட்டும் நமக்கு வருத்தம்.

கல்லுக்கும் தீக்கும் தப்பிய கடைகள் இப்போது சத்தமில்லாமல் மூடுகின்றன. 2002இல் பவாயில் முதல் டி-மார்ட் திறந்தது. பெரிய கொள்முதல், குறைந்த விலை என்ற வியாபாரம் புறநகரெங்கும் பரவியது. மாதச் சாமானை அங்கே ரொக்கத்துக்கு வாங்கிவிட்டு, மாதக் கடைசியில் தீர்ந்துபோன கால் கிலோ சர்க்கரைக்கு மட்டும் அண்ணாச்சியிடம் போகிறோம். 2021க்குப் பிறகு பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் சாமான் வந்தது. அந்தப் பையைச் சுமந்து மோட்டார் சைக்கிளில் ஓடுகிற இளைஞனும் நம் வீட்டுப் பிள்ளைதான். அவன் தகப்பனார் கடை வைத்திருந்தவராகவும் இருக்கலாம். கல்லாவில் உட்கார வேண்டியவன் யாரோ ஒரு கம்பெனியின் கடிகாரத்துக்கு ஓடுகிறான். படித்த பிள்ளைகள் கடையில் உட்கார விரும்பவில்லை என்பதும் உண்மை. பதினாறு மணி நேரம் நின்ற பெற்றோர், தம் பிள்ளை அப்படி நிற்கக் கூடாதென்று நினைத்ததில் என்ன குற்றம்?

இவை காலத்தின் மாற்றங்கள். இவற்றோடு மல்லுக்கு நிற்க நம்மால் முடியாது, தேவையும் இல்லை. ஆனால் நிலத்தின் கணக்கு வேறு. அது காலம் செய்வதன்று. மனிதர் மேசையில் உட்கார்ந்து செய்வது.

சர்க்கார் கணக்கு

1976இல் பம்பாய்க் குடிசைகளைக் கணக்கெடுத்து அட்டை கொடுத்தார்கள். 1985இல் பிரதமர் நிதித் திட்டமென்று நகருக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அதில் ஒரு பங்கு தாராவிக்கு வந்தது, சில மாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2004இல் முழுத் தாராவியையும் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. டெண்டர் வந்தது, போனது. 2022 நவம்பரில் அதானி குழுமம் டெண்டரில் முதலிடம் பெற்றது. 2023 ஜூலையில் மாநில அரசு அதை உறுதி செய்தது. நடத்தும் கம்பெனியில் 80 விழுக்காடு குழுமத்துக்கு, 20 விழுக்காடு அரசுக்கு.

விதிகளைச் சுருக்கிச் சொல்வோம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளத்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு, தவணையில் வாங்கிக்கொள்ளலாம். வெளியே என்றால்? முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பள நிலங்களும் தேவனார் குப்பைமேட்டு நிலமும் சொல்லப்படுகின்றன. தகுதியுள்ள கடைக்கு 225 சதுர அடி வரை இலவசம்.

நல்ல வீடு, தண்ணீர், கக்கூஸ், சாக்கடை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பொதுக் கக்கூஸ் வரிசையில் விடியலில் நின்ற பெண்களிடம் போய்ப் பழைய தாராவியின் அழகைப் பேசுகிறவர் பேசட்டும், நாம் பேசமாட்டோம். நம் கேள்விகள் வேறு.

கீழே கடை, மேலே குடும்பம் என்பதுதான் இந்தத் தெருவின் கட்டடம். கீழ்த்தளத்தைக் கடையென்று எழுதி, மேலே இருப்பதை மாடியென்று தள்ளினால், கடை இங்கேயும் குடும்பம் முலுண்டிலுமா? விடியற்காலை மூன்று மணிக்கு இட்லி அவிக்கிறவர் எந்த ரயிலில் வருவார்?

அந்த 225 சதுர அடி எங்கே? ரோட்டைப் பார்த்த தரைத்தளத்திலா, உள்ளே தள்ளிய மூன்றாம் மாடியிலா? மளிகைக் கடைக்கு வாசல்தான் உயிர். மாடியில் ஏறிப்போய் யார் வெற்றிலை வாங்குவார்கள்?

2000க்கு முன்பிருந்ததற்குச் சாட்சி எங்கே? 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கிய குமாஸ்தா லைசென்ஸ் ஒரு சாட்சி. 2017ஆம் ஆண்டுச் சட்டம் பத்து ஆட்களுக்குக் குறைந்த கடைகள் பதிவு செய்ய வேண்டாம், தகவல் கொடுத்தால் போதும் என்றது. சலுகையென்று மகிழ்ந்து பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டவர் கதி என்ன? பாகடி கொடுத்து வாடகைக்கு நடத்துகிறவர் முப்பது வருடம் உழைத்திருந்தாலும், பெயர் சேட்டின் பெயராக இருந்தால் அவர் யார்?

தொழில்களுக்கு ஐந்தாண்டுகள் மாநில ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தருவோம் என்கிறார்கள். சாமான் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் பொதுவாக அந்த வரிப் பதிவே கட்டாயம். வரி கட்டாதவருக்குத் திருப்பித் தர என்ன இருக்கிறது? சலுகை பெரிய கடைக்கு. சிறிய கடைக்கு அறிவிப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. கட்டடம் இடித்துக் கட்டி முடியும் வரை கடை எங்கே இருக்கும்? சுவரை இடித்தால் மறுபடி கட்டலாம். பற்று நோட்டில் இருக்கும் இருநூறு குடும்பங்களை நான்கு திசையில் அனுப்பிவிட்டால் அந்தக் கடையின் மூலதனம் போயிற்று. இன்னார் பத்தாம் தேதி தருவார், இன்னாருக்கு இந்த மாதம் வேலையில்லை, இன்னார் வீட்டில் கல்யாணம் என்று தெரிந்திருப்பதுதான் கடைக்காரரின் முதல். அதை எந்த டேப்பும் அளக்காது.

நம் கோரிக்கைகள்

ஒன்று: கடையும் வீடும் ஒன்றாக உள்ள குடும்பத்தை ஒரே குடும்பமாகக் கணக்கெடுத்து, இரண்டையும் தாராவிக்குள்ளேயே தர வேண்டும். இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இரண்டு: தெருவில் இருந்த கடைக்குத் தெருவைப் பார்த்த தரைத்தளம். ஒரே சந்தின் வாடிக்கைக் குடும்பங்களும் கடைகளும் கூடியவரை ஒரே தொகுதியில் அமைய வேண்டும், இடைக்காலத்திலும் அப்படியே.

மூன்று: வாடகைக்கு நடத்துகிறவரையும், வீட்டிலிருந்தே இட்லி, முறுக்கு, அப்பளம் செய்து விற்கும் பெண்களையும் தொழில் நடத்துவோராக எண்ண வேண்டும். தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. நகர வியாபாரக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்க வேண்டுமென்று அது சொல்கிறது. திட்டத்தில் அந்தச் சட்டத்துக்கு இடம் எங்கேயென்று காட்ட வேண்டும்.

நான்கு: கடைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கையைச் சர்க்காரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் போதாது. ஒவ்வொரு சந்திலும் இரண்டு இளைஞர்கள், இரண்டு பெண்கள் சேர்ந்து கடைக் கணக்கு ஒன்று எழுதுங்கள். எந்த ஆண்டு தொடங்கியது, யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர் உழைக்கிறார்கள், என்னென்ன காகிதம் இருக்கிறது என்று எழுதுங்கள். பழைய மின்சார பில், குமாஸ்தா லைசென்ஸ், வாக்காளர் பட்டியல், 1976 அட்டை எது கிடைத்தாலும் நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். தகப்பனார் பெயரில் இருப்பதை வாரிசு பெயருக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். தகுதியற்றவர் என்று வந்தால் மேல்முறையீட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள், சந்தாகப் போங்கள். தமிழர் சந்து, மராட்டியர் சந்து, கும்பார்வாடா என்று பிரிந்தும் போகாதீர்கள். டேப் பிடிக்கிறவருக்கு அந்தப் பிரிவுதான் வசதி.

பழைய பற்று நோட்டுகளை எடைக்குப் போட வேண்டாமென்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 1990களின் தேதியோடு, இன்ன கோலி, இன்ன பெயர், இவ்வளவு அரிசி என்று எழுதிய நோட்டு, கடை இருந்ததைச் சொல்கிறது. அந்தக் கோலியில் அந்தக் குடும்பம் இருந்ததையும் சொல்கிறது. அதிகாரி அதைச் சாட்சியாக ஏற்பாரோ மாட்டாரோ, மற்றக் காகிதங்களோடு அதையும் சேர்த்து மேசையில் வைப்போம்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதச் சாமான் முழுவதையும் கடையில் வாங்குங்கள் என்று கூலிக்காரக் குடும்பத்திடம் சொல்ல நமக்கு மனமில்லை. ஐம்பது ரூபாய் மிச்சமும் மிச்சந்தான். ஆனால் ரொக்கம் இருக்கும்போது பெரிய கடை, இல்லாதபோது அண்ணாச்சி என்றால் அந்தக் கடை எத்தனை நாள் நிற்கும்? அரிசியை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். ஒரு பங்கையாவது தெருவில் ரொக்கத்துக்கு வாங்குங்கள். பழைய பாக்கி இருந்தால், அளவெடுப்பு முடிந்து ஆளுக்கொரு திசையில் போகுமுன் அதைத் தீர்த்துவிடுங்கள். அவர் நம்மைக் கணக்கில் வைத்திருந்தார். இப்போது அவரைக் கணக்கில் சேர்க்கச் சொல்ல வேண்டிய முறை நம்முடையது.